‘நல்ல ஏரியா’வின் அடியில் ஓர் ஏரி

கோவில்பட்டியிலிருந்து அக்கா போன் பண்ணினாள். மகளுக்குச் சென்னையில் வேலை, கிண்டியில் ஆபீஸ், டிசம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும். சந்தோஷத்தை அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"ஏட்டி, நல்ல ஏரியாவா ஒரு வீடு பாரு. கூட ரெண்டு பிள்ளைக சேர்ந்துக்கிடுமாம். வாடகை முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல. ஏரியா நல்லா இருக்கணும்."

நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் மூன்று செக்யூரிட்டி, நீச்சல் குளம், ஜிம். நாவலூரிலிருந்து கிண்டிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஆகுமே என்றேன். "அதெல்லாம் கேப் வரும்" என்றாள். போனை வைக்கும் முன், "அந்தப் பெரம்பூர்ப் பக்கமெல்லாம் வேண்டாம், என்ன" என்றும் சொன்னாள். நான் 2016இலிருந்து பெரம்பூரில்தான் குடியிருக்கிறேன். அது அவளுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பாள்.

இந்த ‘நல்ல ஏரியா’ என்ற சொல்லின் மேல் எனக்கு நெடுநாள் கோபம். ஊர் மாறி வருகிறவர்களுக்குக் கட்டுச்சோற்றோடு சேர்த்துக் கொடுத்தனுப்பும் அறிவுரை இது. பஸ் ஏற்றிவிட வந்த மாமா சொல்வார், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வார், புரோக்கர் சொல்வார். ஏரியாவைப் பிடி, வீடு தன்னால் அமையும் என்பார்கள். எதில் நல்லது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. தண்ணீரிலா, ரயிலிலா, காற்றிலா, அக்கம்பக்கத்திலா? திருப்பிக் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "அதான்... டீசண்டா இருக்கும்."

நான் விடாமல் கேட்டுப் பார்த்திருக்கிறேன். என் தோழிக்கு வீடு காட்டிய புரோக்கர் ஒருவர், "ரொம்ப டீசண்ட் ஏரியா மேடம்" என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்றேன். "எல்லாம் ஐடி ஆளுங்க, பேங்க் ஆளுங்க. குப்பம், ஹவுசிங் போர்டு எதுவும் பக்கத்துல கிடையாது." நான் தெருவைப் பற்றிக் கேட்டேன், அவர் ஆட்களைப் பற்றிச் சொன்னார். அதிலும் பாதி, அங்கே இல்லாத ஆட்களைப் பற்றி.

2007இல் வேலைக்கு வந்த புதிதில் நான் பார்த்த முதல் வீடு நினைவுக்கு வருகிறது. தென்சென்னையின் பழைய தெரு, திண்ணை வைத்த வீடு, மாடிப் போர்ஷன். வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார். ஊர் கேட்டார். வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்று கேட்டார். முட்டை மட்டும் சாப்பிடுவேன் என்று பாதிப் பொய் சொன்னேன். அப்புறம், "தப்பா நெனச்சுக்காதேம்மா, நீங்கள்லாம் என்ன ஆளுங்க?" என்றார். தப்பாக நினைக்காமல் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டுக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் போன் பண்ணினால், சொந்தக்காரர் வருகிறாராம், வீடு இல்லையாம். என்னுடன் வேலை பார்த்த இஸ்லாமியத் தோழிக்கு அந்தக் காபிகூடக் கிடைத்ததில்லை. பெயரைச் சொன்னதுமே பேச்சு முடிந்துவிடும். அந்தத் தெரு இன்றும் சென்னையின் நல்ல ஏரியாக்கள் பட்டியலில் மேலே இருக்கிறது. ‘நல்ல ஏரியா’ என்பது ‘என்ன ஆளுங்க’ என்ற பழைய கேள்வி இஸ்திரி போட்ட சட்டையில் வருவது.

சென்னையில் இது நேற்று வந்த வழக்கமில்லை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இடம் வாங்கினார்கள், பிறகு கோட்டை கட்டினார்கள். நாளடைவில் கோட்டைக்குள் வெள்ளையர் ஊர், வடக்குச் சுவருக்கு வெளியே ‘பிளாக் டவுன்’ என்று பெயரும் போட்டுவிட்டார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, மூன்று வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த யுத்த காலத்தில், பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று, சுவரை ஒட்டியிருந்த கறுப்பர் நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் பக்கம் அது. குடிசனம் இன்னும் வடக்கே தள்ளிப் போனது. அந்தப் புது கறுப்பர் நகரத்துக்குத்தான் 1911இல் ஜார்ஜ் டவுன் என்று ராஜா பெயர் வைத்தார்கள்.

இதற்கிடையில் வடக்கே மில்கள் வந்தன. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் மற்றவர்களும் கட்டிய சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது. அதற்கு முன்பே, 1856இல், தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியிருந்தது. 1955இல் ரயில் பெட்டி கட்டும் ஐசிஎஃப் வந்தது. நகரம் உடுத்தியதும் ஏறிப் போனதும் வடக்கே இருந்தவர்கள் கைவேலை. ஷிஃப்ட் முடிந்து வேர்வையோடு நடந்து போகிறவர்கள் நிறைந்த தெரு என்பதுதான் அந்தப் பக்கத்தின் முதல் குற்றம். மிச்சத்தைச் சினிமா பார்த்துக்கொண்டது. கேரமும் பாக்ஸிங்கும் கால்பந்தும் இந்தத் தெருக்களில் உண்டு என்று காட்டிய படங்களில்கூட, பார்த்தவர்களுக்குக் கடைசியில் கத்திதான் நினைவில் நிற்கிறது.

வடக்கே இருக்கும் பெரம்பூர் என்றதும், "குப்பைக் கிடங்கு நாற்றம் அடிக்குமே?" என்பார்கள். அடிக்கும். காற்று திரும்புகிற நாளில் கொடுங்கையூர்க் கிடங்கின் நாற்றம் எங்கள் தெரு வரை வரும். மறைக்க நான் என்ன ரியல் எஸ்டேட் ஏஜெண்டா? ஆனால் மாநகராட்சியின் பெரிய குப்பைக் கிடங்குகள் இரண்டு. இன்னொன்று பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே கிடக்கிறது. அதைச் சுற்றித்தான் கண்ணாடிக் கட்டடங்களும் கோடிக் கணக்கில் விலை சொல்லும் ஃபிளாட்டுகளும். இரண்டிலும் ஒரே நகரத்தின் குப்பை. ஒரு கிடங்கு அக்கம்பக்கத்துக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. மற்றதன் அக்கம்பக்கம் ‘வேகமாக வளரும் பகுதி’ என்று முழுப்பக்க விளம்பரத்தில் வருகிறது. மூக்கும் ஆள் பார்த்துத்தான் வேலை செய்யும் போலிருக்கிறது.

இனி தண்ணீர். ஏரியா என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் தமிழ் ஏரி ஒன்று ஒளிந்திருப்பது தற்செயல்தான். ஆனால் சென்னையின் பல நல்ல ஏரியாக்களுக்கு அடியில் நிஜமாகவே ஏரி கிடக்கிறது. தியாகராய நகர் 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து உண்டானது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் தெரிவது எதிர்வீட்டு பால்கனியும் அதில் காயும் துணியும். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். அதன் பக்கத்துத் தெருக்களுக்கு முகவரியே இன்றும் ‘லேக் ஏரியா’. வேளச்சேரியில் ஓர் ஏரி இன்னும் மிச்சமிருக்கிறது, பழைய அளவில் இல்லை. அதன் தண்ணீர் வழிந்து போய்ச் சேர வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ரோடும் கட்டடமும் குப்பையும் ஆளுக்கொரு பக்கமாகத் தின்ற பிறகு, மிஞ்சியதற்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது.

அந்த வேளச்சேரியில்தான் நாங்கள் இருந்தோம். கல்யாணம் ஆகி, கைக்குழந்தையோடு, நல்ல ஏரியா என்று எல்லோரும் சொன்னதால். பறக்கும் ரயில் உண்டு, மால் உண்டு, நல்ல ஸ்கூல் உண்டு. தரைத்தளத்தில் இரண்டு பெட்ரூம் வீடு. வாடகை எங்கள் சக்திக்கு மேலேதான், இருந்தாலும் ஏரியாவுக்காகக் கொடுத்தோம்.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று படியில் மணல் மூட்டை போட்டுக் காத்திருந்தோம். அது பாத்ரூம் ஓட்டை வழியாக வந்தது. முதலில் கொப்புளம் மாதிரி இரண்டு குமிழ், அப்புறம் கறுப்பாக, நாற்றத்தோடு. ஓட்டை மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார் என் வீட்டுக்காரர். தண்ணீர் அதற்காகக் காத்திருக்கவில்லை, சமையலறைத் தொட்டி வழியாகவும் ஏறியது. ராத்திரி பத்து மணிக்குள் முழங்கால். காஸ் சிலிண்டர் மிதந்து போய் ஃபிரிஜ்ஜில் இடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடியில், அதுவரை பெயர் தெரியாத ஒரு வீட்டில், மூன்று நாள். கரண்ட் இல்லை, போன் இல்லை, பால் இல்லை. மூன்றாம் நாள் எங்கள் தெருவில் படகு வந்தது. துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் எந்த ஊர் அண்ணே என்று கேட்டேன். காசிமேடு என்றார்.

வீட்டைக் காலி செய்த பிறகு, மார்ச்சில் தபால் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். சுவரில் இடுப்பளவுக்கு இருந்த காவிக் கோடு போயிருந்தது. புது பெயின்ட். கேட்டில் டு-லெட் போர்டு. எங்களுக்குப் பிறகு வந்தவர்களும் ஏதோ ஒரு கோவில்பட்டியிலிருந்து வந்திருப்பார்கள். அவர்களுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள், நல்ல ஏரியா என்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அந்தப் பக்கமெல்லாம் மறுபடியும் மூழ்கியது. இப்போதெல்லாம் வானிலை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் முதலில் செய்வது காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் ஓரமாக நிறுத்துவது. போட்டோவில் பார்த்திருப்பீர்கள், வரிசையாக. லட்சக்கணக்கில் காருக்கும் கோடியில் வீட்டுக்கும் கொடுத்தவர்கள், மழை வந்தால் கார் நிறுத்த மேடு தேடுகிறார்கள். வடக்கிலும் வெள்ளம் வரும், வியாசர்பாடியும் புளியந்தோப்பும் கொளத்தூரும் எத்தனையோ முறை தண்ணீரில் நின்றிருக்கின்றன. நான் சொல்வது தண்ணீருக்கு ஏரியா பெயர் தெரியாது என்பதைத்தான். 2015இல் கோட்டூர்புரமும் ஜாஃபர்கான்பேட்டையும் ஒரே அடையாற்றில் ஒரே ராத்திரியில் நனைந்தன. தெருவுக்குத் தெரு, ஒரே தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மட்டம் வேறு. அதைப் பார்க்காமல் பின்கோடைப் பார்த்து வீடு பிடிக்கிறோம்.

மழை இல்லாத காலத்துக்கும் இதே கதை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கிட்டத்தட்ட வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகனில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. அந்தக் கோடையில் எங்கள் தெருவிலும் குழாயில் காற்றுதான் வந்தது. தெருமுனை அடிபம்பில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன, என் குடமும் நின்றது, காலை நாலரைக்கு. சண்டையும் போட்டிருக்கிறேன். ஆனால் அது எங்களுக்கு ஒரு கோடைக் கஷ்டம். 2011இல் மாநகராட்சியோடு சேர்த்த பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதிகளில் எத்தனையோ அடுக்குமாடிகளுக்கு டேங்கர் லாரி என்பது வருஷம் முழுவதும் நடக்கும் வாழ்க்கை. பழைய ஊரில் 1914இலிருந்து கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் இருக்கிறது, குழாய் துருப்பிடித்ததானாலும் மண்ணுக்கடியில் குழாய் என்று ஒன்று இருக்கிறது. மாமல்லபுரம் சாலையிலோ முதலில் கட்டடம் வந்தது, குழாய் பிறகு வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். கழிவுநீரும் பல இடத்தில் லாரியில்தான் போகிறது. உள்ளே வரும் தண்ணீருக்கு ஒரு லாரி, வெளியே போகும் தண்ணீருக்கு ஒரு லாரி. இரண்டும் கேட்டில் எதிரெதிரே நின்று ஹார்ன் அடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பாதுகாப்பு? அக்கா கேட்பது உண்மையில் இதைத்தான், அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். பெண்பிள்ளையை முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்புகிற தாய்க்கு அந்தப் பயம் நியாயம். ஆனால் மூன்று செக்யூரிட்டி யாருக்குக் காவல்? கேட்டுக்குள் இருப்பவர்களுக்கு. என் பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி அப்படியொரு குடியிருப்பில் இருந்தாள். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவள் கேட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். இரண்டு பக்கமும் காலி மனை, கருவேல முள், நாய்கள், பாதி விளக்கு எரியாது. அந்த ஒன்றரைக் கிலோமீட்டருக்கு யார் செக்யூரிட்டி? ராத்திரி எட்டரைக்கு மேல் அவள் வெளியே வருவதில்லை. நான் பெரம்பூர் ஸ்டேஷனில் ராத்திரி பத்தே முக்காலுக்கு இறங்கி நடந்து வருவேன். பரோட்டாக் கடையில் கொத்துச் சத்தம், பால் பூத் வாசலில் நாலு கிழவர்கள், மல்லிப்பூ மிச்சத்தை முழம் பத்து ரூபாய்க்குத் தள்ளிவிடும் பூக்கார அக்கா. "லேட்டா இன்னைக்கு?" என்று ஒரு குரல். எரிச்சலாகவும் இருக்கும், எல்லோருக்கும் என் வருகை நேரம் தெரிகிறதே என்று. அந்த எரிச்சலுக்குப் பெயர்தான் பாதுகாப்பு என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. எங்கள் பக்கம் ரவுடியே இல்லை, சண்டையே இல்லை என்று சொல்லவில்லை. போலீஸ் வேன் வந்து நின்ற ராத்திரிகள் உண்டு. ஆனால் ஆள் நடமாட்டமுள்ள தெருவைக் கண்டு பயந்து, ஆளே இல்லாத ரோட்டில் பிள்ளையைக் கொண்டுபோய் இறக்குவதைப் பாதுகாப்பு என்கிறோமே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஸ்கூல், வீட்டின் எதிர்கால மதிப்பு என்றெல்லாம் பேசுவார்கள். வாடகைக்கு வருகிறவருக்கு மதிப்பு ஏறினால் ஏறப்போவது வாடகை. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

முகவரியின் மேல் இந்த ஊர் வைத்திருக்கும் பக்தி எவ்வளவு கொடியது என்று தெரிய வேண்டுமானால் கண்ணகி நகருக்குப் போக வேண்டும். துரைப்பாக்கத்தில், ஐடி கம்பெனிகளிலிருந்து கூப்பிடு தூரம். 2000ஆம் ஆண்டிலிருந்து நகரத்து ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பெயர்த்தெடுத்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். எந்த ஏரியா வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த முகவரியை விண்ணப்பத்தில் எழுதினால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள பிள்ளைகள் வருஷக் கணக்காகச் சொல்லிவருகிறார்கள். அவர்களின் அம்மாக்கள் காலையில் நடந்து போய்ப் பாத்திரம் தேய்ப்பது, பழைய மாமல்லபுரம் சாலையின் நல்ல ஏரியா ஃபிளாட்டுகளில். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஒரு வாரம் எல்லோரும் அந்த முகவரியை மரியாதையோடு உச்சரித்தார்கள்.

பெரம்பூருக்கு வாருங்கள் என்று நான் யாரையும் அழைக்கவில்லை. சிறுசேரியில் வேலை பார்ப்பவர் பெரம்பூரில் குடியிருந்தால் பாதி ஆயுள் ரோட்டில் போகும். நான் சொல்வது, அளவுகோலைத் தூக்கிப் போடுங்கள் என்பது. ஏரியாவை விட்டுவிட்டுத் தெருவைப் பாருங்கள், தெருவை விட வீட்டின் படியைப் பாருங்கள். ஏரியாவின் குணத்தை விளம்பரம் சொல்லாது. ‘ஏர்போர்ட் 20 நிமிடம், கிண்டி 25 நிமிடம்’ என்று போடுகிறார்களே, அந்த நிமிடங்களை விடியற்காலை மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் உட்கார்ந்து அளந்திருக்க வேண்டும். இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரியும், எந்த வீட்டுக்காரர் மாசத்துக்கொரு குடித்தனக்காரரை மாற்றுகிறார் என்று. தண்ணி கேன் போடும் பையனுக்குத் தெரியும், எந்த வீட்டு போர் தண்ணி உப்பு என்று. மளிகைக் கடைக்காரரைக் கேட்டால் 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கையால் காட்டுவார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, தூறலோடு, அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மழைக்காலத்தில் வீடு பார்ப்பது சகுனத் தடை என்று ஊரில் சொல்வார்கள். சென்னையில் வீடு பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது.

முதலில் நாவலூர். அம்மா சொன்னதாயிற்றே, அவளும் பார்க்க ஆசைப்பட்டாள். நீச்சல் குளம் நீலமாக இருந்தது. நான் செக்யூரிட்டி கேபினில் கிடந்த நோட்டைப் பார்த்தேன். நீள நோட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது: தேதி, வண்டி எண், நேரம், லோடு. டேங்கர் கணக்கு. அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது வரி எழுதியிருந்தது. மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று கேட்டோம். சொன்ன தொகையைக் கேட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். திரும்பி கிண்டி வந்து சேர, மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட சாலையில், ஒன்றேமுக்கால் மணி நேரம். சனிக்கிழமையில்.

இரண்டாவது வேளச்சேரியில் ஒரு வீடு. அதை நான் சரியாகப் பார்க்கவில்லை. சுவரில் புது பெயின்ட் வாசனை வந்ததும் வெளியே வந்துவிட்டேன். இதை நியாயமான மதிப்பீடு என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது சைதாப்பேட்டை. ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடை, மார்க்கெட் தாண்டி, ஒரு குறுகலான தெரு. கிண்டி மின்சார ரயிலில் அடுத்த ஸ்டேஷன், ஐந்து ரூபாய் டிக்கெட். முதல் மாடி, இரண்டு அறை, ஒரு சின்னச் சமையலறை. வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஆறு மாத அட்வான்ஸ் கேட்டார். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. சென்னை வீட்டுக்காரர்கள் அந்த ‘வேறு ஒப்பந்த’த்துக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். பேசி நாலு மாதத்துக்குக் கொண்டுவந்தோம். கரண்டுக்கு சப் மீட்டர், யூனிட் எட்டு ரூபாய் என்றார். அது அநியாயம் என்றேன். "ஊரெல்லாம் அப்படித்தாம்மா" என்றார். அதில் அவர் இறங்கி வரவில்லை.

2015இல் இங்கே எப்படி என்று கேட்டேன். மறைக்காமல் எங்களைக் கீழே கூட்டிப் போனார். மாடிப்படியில் மூன்றாவது படியைக் காலால் தொட்டுக் காட்டினார். "இது வரைக்கும். நாலாவது ஏறல. அடையாறு அந்தாண்ட தானே. அதுக்கு முன்னாடியும் ஏறுனதில்ல, அப்புறமும் ஏறுனதில்ல." காலை ஆறிலிருந்து ஏழு வரை மெட்ரோ தண்ணி, மோட்டார் அவர் போடுவார், பக்கெட் பிடித்துக்கொள்வது நம் பாடு.

பிள்ளை என் காதில், "என்ன ஆளுங்கன்னு கேப்பாங்களா சித்தி?" என்று கிசுகிசுத்தாள். அந்த அம்மா கேட்டது வேறு. "சமையல் பண்ணுவீங்களா? பண்ணா, மீன் கழுவுற தண்ணிய சிங்க்ல ஊத்தாதீங்க. செதில் அடைச்சிக்குது."

டிசம்பர் ஒன்றாம் தேதி மூன்று பெண்களும் பால் காய்ச்சினார்கள். வேலைக்குப் போக வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல்வரை முப்பது நிமிடம் ஆகிறதாம். அக்கா ஒரு வாரம் வந்து தங்கி, மார்க்கெட்டில் மீன் மலிவு என்று ஒத்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பினாள். அங்கே கேட்கிறவர்களிடம், "மகள் கிண்டிப் பக்கத்துல இருக்கா" என்றுதான் சொல்கிறாளாம். சைதாப்பேட்டை என்ற பெயர் இன்னும் அவள் வாயில் வரவில்லை.